இன்னிக்கு என்ன பாத்த?

அக்கா,

இன்று காலை கோரிமேடு ஆஸ்பத்திரியில், என் வீட்டுக்காரரை நடைப் பயிற்சிக்கு உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா கமலா ஆரஞ்சை உரித்தார். அந்தத் தோலின் வாசனை மூக்கில் ஏறியதும் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். நீங்கள் இல்லை. இருக்க மாட்டீர்கள் என்று தெரியும். தெரிந்துமே திரும்பினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வராந்தாவில்தான் உங்களை முதலில் பார்த்தேன். இவர் சாரத்திலிருந்து விழுந்து மூன்றாம் நாள். கொத்தனார் வேலையில் இருபது வருஷத்தில் ஏறாத உயரமில்லை, ஒற்றை மாடிக் கட்டடத்தில் கால் தவறிவிட்டது. முதுகெலும்பில் அடி. நடப்பாரா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ என் கையில் எதையோ வைத்தார்கள். பாதி ஆரஞ்சு. மீதிப் பாதியை நீங்கள் தின்றீர்கள். பிறகு தோலை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அந்தத் தோலை வரைய ஆரம்பித்தீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது. சுற்றிலும் இத்தனை பேர் இத்தனை துயரத்தோடு இருக்க, இந்தம்மாவுக்குப் படம் ஒரு கேடா என்று.

"இங்க வந்து படம் போட்டுகினு இருக்கீங்களே, உங்களுக்கு எப்படி மனசு வருது?" என்று கேட்டேவிட்டேன்.

நீங்கள் பேனாவை நிறுத்தவில்லை. "காலைலயே அழுதுட்டேன் தங்கச்சி. மறுபடி சாயங்காலம் அழுவேன். நடுவுல இது."

உங்கள் தம்பி எதிர் வார்டில் படுத்திருக்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது. புற்றுநோய். கல்யாணம் செய்துகொள்ளாத அக்கா, மனைவியை இழந்த தம்பி, ஒரே வீட்டில் இரண்டு பேர். உங்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் தெருவில் உங்கள் வீட்டைச் 'சொல்தா வீடு' என்பார்களாம். நான் பாகூர் பக்கம் பயிர் வைக்கிற குடும்பம், டவுனில் ஜவுளிக் கடையில் புடவை மடிக்கிறவள். வேறெங்கே நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போகிறோம்?

மறுநாளிலிருந்து என்னைப் பார்த்ததும் நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். "இன்னிக்கு என்ன பாத்த?"

"என்னத்தப் பாக்கறது? அவரு மூஞ்சியத்தான் பாத்தேன்" என்றேன்.

"அது இல்லாம ஒண்ணு சொல்லு."

முதல் இரண்டு நாள் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீங்கள் சொன்னீர்கள். விழுப்புரம் பஸ்ஸிலிருந்து இறங்கிய பெரியவர் எக்ஸ்ரே படத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கி, மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்ததை. அறுந்த செருப்பு வாரை மகளின் தலை ரிப்பனால் கட்டிக்கொண்டு நடந்த பெண்ணை. எல்லாமே கவரின் பின்பக்கத்தில் இருந்தன. மூன்றாம் நாள் பஸ்ஸில் வரும்போது நானும் ஒன்றைத் தேடினேன். கோழியை மடியில் வைத்திருந்த ஒருவர், கண்டக்டர் வந்ததும் அதன்மேல் துண்டைப் போட்டு மூடினார். அதை நான் சொன்னதும் நீங்கள் சிரித்தீர்கள். இவர் விழுந்த பிறகு நான் சிரித்தது அன்றுதான். சிரித்துவிட்டு, தப்பு செய்தவள்போல வார்டுப் பக்கம் பார்த்தேன்.

ஒரு நாள் உங்களிடம் கேட்டேன், "எப்படிக்கா எல்லாத்தையும் நல்லதாவே பாக்கறீங்க?"

"நல்லதுன்னு நான் எப்ப சொன்னேன்? இருக்குதுன்னுதான் சொல்றேன்" என்றீர்கள்.

எனக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தீர்கள். பள்ளிக்கூடத்தில் பூவும் வீடும் போட்டதோடு சரி, எனக்கு என்ன வரையத் தெரியும்? இவர் தூங்கும்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் பாதத்தைப் போட்டேன். முதல் படம் மரவள்ளிக் கிழங்கு மாதிரி இருந்தது. நீங்கள் பார்த்து, "கிழங்குக்கு நெகம் வெச்சிருக்கியே, அது போதும். நாளைக்கும் போடு" என்றீர்கள். தினமும் போட்டேன். சிமெண்ட் அரித்த குதிகால், வெடிப்பு, சுண்டுவிரலின் பழைய தழும்பு. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனின் பாதத்தை அப்போதுதான் பார்த்தேன் அக்கா.

அப்படிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு நாள்தான் கோடு பொருந்தாமல் போனது. பெருவிரலைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் அது வேறு இடத்தில் இருந்தது. நான்தான் தப்பாகப் போட்டேன் என்று நினைத்து மறுபடி பார்த்தேன். விரல் மெல்ல மேலே வந்து இறங்கியது. நர்ஸைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை. நோட்டோடு உங்களிடம்தான் ஓடி வந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டீர்கள். "கூராழ், கூராழ்" என்று உங்கள் அப்பாவின் பிரெஞ்சில் தைரியம் சொன்னீர்கள். உங்கள் கண்ணிலும் தண்ணீர். என் சந்தோஷத்துக்கு அழுகிறீர்கள் என்று நினைத்தேன்.

அன்று காலைதான் உங்கள் தம்பிக்கு இனி மருந்தில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து நீங்கள் சாமான்களைக் கட்டும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"உன் நாள் அது. அதுல எதுக்கு இதக் கொண்டாந்து போடணும்?"

தம்பி போய்ச் சேர்ந்த பிறகு உங்களிடமிருந்து பேச்சில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. இவரை டிஸ்சார்ஜ் செய்து வீட்டில் படுக்க வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்திக்குப்பம் பக்கத்திலிருந்த உங்கள் வீட்டைத் தேடி வந்தேன். பகலிலேயே ஜன்னல்களையெல்லாம் சாத்தி வைத்திருந்தீர்கள். தலை வாரவில்லை. நீங்கள் கேட்கிற கேள்வியையே நான் கேட்டேன்.

"ஒண்ணும் பாக்கல. பாக்கவும் வேணாம்" என்றீர்கள். பிறகு, "பேனாவ எடுத்தா கை அவன் மூக்கத்தான் போடுது. எத வரைஞ்சாலும் அவன் மூக்குல வந்து நிக்குது."

எனக்கு அப்போது பயமாக இருந்தது. நீங்களே இப்படி என்றால் நான் உங்களைப் பிடித்துக்கொண்டு நடந்ததெல்லாம் என்ன என்று. நான்கு ஞாயிறு வந்தேன். காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். நான்காம் ஞாயிறு, சும்மா இருக்க முடியாமல், கதவோரம் கிடந்த தம்பியின் செருப்பை நோட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தீர்கள்.

"வாரு இப்படியா போவும்? அவன் எடது காலச் சாச்சிதான் நடப்பான். தேஞ்சிருக்கு பாரு." பேனாவை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டீர்கள். செருப்பை முடித்துவிட்டு அழுதீர்கள். நான் ஜன்னலைத் திறந்தேன். வேண்டாமென்று நீங்கள் சொல்லவில்லை.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு போன். நான் கடையில் பார்த்தது, நீங்கள் மார்க்கெட்டில் பார்த்தது. இவர் முதல் தடவை சுவரைப் பிடித்து நின்றதை உங்களிடம்தான் முதலில் சொன்னேன். அதை ஒரு படமாகப் போட்டு அனுப்பினீர்கள். பார்க்காமலே போட்டது. அதில் அவருக்கு மீசை வைக்க மறந்துவிட்டீர்கள் என்று அவர் இன்றும் குறை சொல்கிறார்.

இனி எழுதப் போவதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

போன தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை கூப்பிட்டீர்கள். "நாளைக்குக் காலைல வாயேன். படகு கரை ஏறும்போது மணல்ல உக்காந்து ரெண்டு பேரும் போடலாம். ஒரு வருஷமா சொல்லிகினே இருக்கோம்."

"கடையில சரக்கு வந்து கொட்டிக் கிடக்குதுக்கா. ஞாயித்துக்கிழமையும் வரச் சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்."

"சரி சரி. கடலு எங்க போவப் போவுது" என்றீர்கள். குரலில் வருத்தம் இருந்ததா என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். இருந்ததாகத் தெரியவில்லை. அதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை.

புதன்கிழமை உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டாள். மார் வலி என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகுமுன்பே முடிந்துவிட்டது என்றாள். கையில் புடவையோடு நின்றேன். எதிரில் நின்றவர் "அந்த மாம்பழக் கலரக் காட்டும்மா" என்றார். காட்டினேன். விலையும் சொன்னேன்.

மாதா கோயிலில் உங்கள் ஏழாம் நாள் பூசை முடிந்ததும் நேராக வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனேன். படகுகள் கரை ஏறி வெகு நேரமாகியிருந்தது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கோடு விழவில்லை. மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் கூடையோடு வந்து நின்றாள்.

"இன்னா எழுதுற?"

"படம் போடலாம்னு வந்தேன். வரல."

"என்னப் போடேன், வருதா பாப்போம்." கூடையை இறக்கி வைத்துவிட்டு, கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். போட்டேன். கண்ணீர் விழுந்து மை கலைந்த இடத்தை அவள் கூடையின் நிழலாக்கினேன். பார்த்துவிட்டு, "நான் இவ்ளோ தடியாவா இருக்கேன்?" என்றாள். எழுந்து வரும்போது இதை உங்களிடம் ஏழு மணிக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பாதி வழி வந்த பிறகே ஞாபகம் வந்தது.

இன்றும் அந்த நேரத்துக்குக் கை போனுக்குப் போகிறது. எடுத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல், சொல்ல இருந்ததை நோட்டில் போட்டுவிடுகிறேன். நாள் நன்றாக இருப்பதாக நினைத்துப் போடுவதில்லை. பல நாள் நன்றாக இல்லை. ஆனாலும் வீட்டை விட்டு இறங்கியதும் கண் தானாகத் தேட ஆரம்பித்துவிடுகிறது. நீங்கள் பழக்கிவிட்ட கண் அது. நீங்கள் போன பிறகும் அடங்கவில்லை.

நான்கு நோட்டு நிறைந்துவிட்டது. நேற்று எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தேன். அதில் உங்கள் முகம் எங்கேயும் இல்லை அக்கா. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரும் எதிரே இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம். கண்ணை மூடினால் நேர்முகம் வருவதில்லை. வருவது ஒரு காது, அதிலொரு சின்னக் கல் கம்மல், காதோரம் நரைத்த முடி, மூக்கின் நுனி. அதைத்தான் நேற்று போட்டேன். கீழே நாம் உட்கார்ந்த பெஞ்சையும் வரைந்து, இன்னும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு நீட்டிவிட்டேன்.

இவர் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"அக்காவா?" என்றார்.

ஆமாம் என்றேன்.