காதரின் படம்

1943, ஆவணி, புதன்கிழமை இரவு.

"காதரின்ர படம்தான் கள்ளத்தாளைக் காட்டித் தந்தது," என்று வங்கிக் காசாளர் இன்று நாலு பேர் முன்னால் சொன்னார். துறைமுகத்தில் நிற்கும் யுத்தக் கப்பல்காரர் எல்லாம் படம் எடுக்கக் காதரின் ஸ்டூடியோவுக்குத்தான் போகிறார்கள். இப்போது வங்கியும்.

சந்தேகமான பத்து ரூபாய்த் தாளையும் நல்ல தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்துத் தரும்படி காதரிடமும், இதே ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என்னிடமும் கேட்டிருந்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒரே நீலம். கமராவுக்கு அப்படியில்லை. காதரின் படத்தில் கள்ளத்தாளில் அச்சடித்திருந்த பூ மட்டும் கறுத்து விழுந்திருந்தது.

என் படத்தில் இரண்டும் ஒன்றுபோல இருந்தன. "உங்கட படம் நல்ல வடிவு, அண்ணை. ஆனா எங்களுக்கு உதவேல்லை," என்றார் காசாளர். காதர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நிம்மதியாக ஏசியிருப்பேன்.

நெகட்டிவில் பென்சில் பிடித்துக் குறை மறைக்கத் தெரியாதவன் அவன். கலியாணப் பெண்ணின் அம்மைத் தழும்பைக்கூட அப்படியே விட்டுவிடுவான். நான் விடுவேனா? முதல் பிரதியில் ஒரு பூ கறுத்திருந்ததைக் கண்டதும், படம் கழுவியதில் பிழை என்று நினைத்து, நெகட்டிவில் பென்சிலால் திருத்தித்தான் கொடுத்தேன்.

சற்று முன் நெகட்டிவில் இருந்த அந்தப் பென்சில் பூச்சைத் துடைத்துவிட்டு இன்னொரு பிரதி போட்டுப் பார்த்தேன். காதரின் படத்தைவிட என்னுடையதில்தான் வேறுபாடு தெளிவாக விழுந்திருக்கிறது.