பயப்படத் தேவையில்லை என்ற வரி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பா தூங்குகிறாள். நான் வழக்கம்போல விழித்திருக்கிறேன்.

இணையக் கலைக்களஞ்சியத்தில், பச்சைக் குழந்தைகளின் தூக்கம் பற்றிய பக்கத்தில் நான் சேர்த்த வரியை வெட்டியது நீதானே? "மூச்சு சற்று நின்று வருவது இயல்பே, பயப்படத் தேவையில்லை." இதில் என்ன குற்றம் கண்டாய்? ஆதாரத்துக்குச் சுட்டியும் கொடுத்திருந்தேன். பாப்பாவுக்கு அப்படி நின்று வருவதைப் பக்கத்தில் படுத்துக் கண்ணால் பார்த்தவள் நான். அங்கே எழுதச் சொல்லிக்கொடுத்தவளே கையைத் தட்டிவிடுகிறாயே! திரும்பச் சேர்த்துவிட்டேன். தொடாதே.

கோபத்துடன்,
வாலு

மார்ச் 5

என் வாலுக்கு,

மறுபடியும் எடுத்துவிட்டேன். திட்டிக்கொள்.

நீ கொடுத்த சுட்டி குழந்தை மெத்தை விற்கிறவர்களுடையது. பயப்படாதே என்றால்தானே மெத்தை போகும்? அதிலும் பாதி, நம் கலைக்களஞ்சியத்தின் பழைய பக்கத்தை வரி மாறாமல் எடுத்துப் போட்டது. நம்மிடம் கேட்டதை நமக்கே சாட்சி சொல்கிறது. நீ பார்த்தது உண்மைதான், ஆனால் அது உன் பாப்பா ஒருத்தி. படிக்கிறவள் மடியில் இருப்பது வேறு குழந்தை.

மருத்துவப் பாடநூல் கிடைக்குமா என்று, எழுதுகிறவர்கள் கூடி விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் கேட்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கட்டுமா? அந்த வரியை யாருக்காக எழுதினாய்? பாப்பாவை டாக்டரிடம் காட்டு.

அக்கா

மார்ச் 9

அக்கா,

எனக்காகத்தான். அங்கே எழுதிவிட்டால் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

நேற்று மாடிவீட்டுப் பெண் கைக்குழந்தையோடு படியில் நின்றாள். "தூங்குறப்ப மூச்சு நின்னு நின்னு வருதுங்க. உதடுகூட நீலமாயிடுது. ஆனா ஒண்ணுமில்லையாம், பாருங்களேன்" என்று போனை நீட்டினாள். நீ எடுப்பதற்கு முன்பே படம் பிடித்து வைத்திருக்கிறாள். என் வரி.

நம்பமாட்டாய், ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது! எழுதியவள் நான் என்பதே மறந்துவிட்டது. பிறகுதான் அவள் சொன்ன நீல உதடு காதில் ஏறியது. "செருப்ப மாட்டு, கிளம்பு" என்றேன். ஒரே வண்டியில் இரண்டு குழந்தைகளும்.

பாப்பாவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ நல்லாத்தான் இருக்கா, நீங்கதான் தூங்கணும்" என்றார் டாக்டர். மாடிவீட்டுக் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். இன்னும் வெளியே அனுப்பவில்லை.

வாலு

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

மாடிவீட்டுக் குழந்தை பிழைத்து வீடு வந்துவிட்டது.

உரையாடல் பக்கத்தை முழுக்கப் படித்தேன். ஒருவர் லீவு நாளில் நூலகத்துக்குப் போய்ப் பாடநூலின் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார். அது பழைய பதிப்பு என்று இன்னொருவர் புதியதைத் தேடியிருக்கிறார். 'சற்று' என்றால் எத்தனை வினாடி என்று ஒரு சண்டை! முகம் தெரியாதவர்கள், யார் பெற்ற பிள்ளைக்காகவோ. வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன், அக்கா. இப்போது அங்கே இருப்பது: "சில வினாடி நின்று வருவது பெரும்பாலும் இயல்பு, இருபது வினாடி நீடித்தாலோ உதடு நீலமானாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்." அந்தப் பின்பாதிதான் என்னிடம் இல்லை.

சற்று முன் மாடியிலிருந்து அவள் வந்தாள். "மாத்திட்டாங்க பாத்தீங்களா? முன்னாடி எவனோ அரைகுறை எழுதி வச்சிருக்கான்."

"எவனோ இல்ல. நான்தான்."

தோளில் இருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள். பிறகு அதை என் மடியில் கிடத்தினாள். "ஈரத்துணி அப்படியே கெடக்கு, காயப்போட்டுட்டு வந்துடறேன். மூச்சப் பாத்துக்குங்க."

இன்னும் வரவில்லை. ஒரு கையால் எழுதுகிறேன், கண் இங்கே இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வாலு