மேட்டு வயல்

அன்பு மகன் பூவரசனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போனில் பாதி கேட்பதற்குள் டூட்டி என்று வைத்துவிடுகிறாய், அதனால் உன் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான், உன் சித்தப்பா மருதை, உன் வீட்டுக்காரி பொற்கொடி, நம் தேவதர்ஷினி, ஸ்ரீரங்கத்திலிருந்து மாப்பிள்ளைப் பையன் சுரேஷ்குமார், அவன் அம்மா அழகம்மாள். எல்லோரும் கேசரி சாப்பிடும்போது வாசலில் வி.ஏ.ஓ. தம்பி வந்து நின்றார், வெள்ளத்தில் போன பயிருக்கு அரசாங்கம் நிவாரணம் தருகிறது, உங்கள் வயலைப் பார்க்க வேண்டும் என்றார். கூடவே வயல் காட்டுவதற்கு நம் பக்கத்து வயல் இளவரசன். அந்தச் சம்பா கதிர் வாங்கும் நேரத்தில் தண்ணீருக்குள் போனது உனக்குத் தெரியும், அடுத்த நடவுக்கு அந்த நிவாரணத்தைத்தான் நம்பியிருந்தோம். ஆனால் சம்பந்தி வீட்டார் முன்னால் மருதைக்கு அந்த வீறாப்பு எங்கிருந்துதான் வந்ததோ, எங்க வயலுக்கு என்னங்க குறைச்சல், கதிர் தலை சாஞ்சு நிக்குது என்று சொல்லிவிட்டார். நான் வாயைத் திறந்தால் சம்பந்தம் போகும், மூடினால் நிவாரணம் போகும். இளவரசனாவது உண்மையைச் சொல்வான் என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் கேசரியை வாயில் வைத்துக்கொண்டே, ஆமா சார், அவங்க வயல் மேடு என்றான். வி.ஏ.ஓ. தம்பியும் நல்லதாப் போச்சு என்று அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

காபி குடித்து முடித்ததும் அழகம்மாள், அந்தக் கதிரைக் கொஞ்சம் காட்டுங்களேன் என்று எழுந்துவிட்டாள். மருதை எவ்வளவு மெதுவாக நடந்தும் வயல் வந்துவிட்டது. ஒரே ஏரி, நடுவில் கொக்கு. கதிர் உள்ளே இருக்குங்க என்றார் மருதை. அழகம்மாள் சிரித்த சிரிப்பில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி ஒரு கைப்பிடி பயிரைப் பிடுங்கினாள், வேரெல்லாம் அழுகி நாறியது. எங்க கொள்ளிடக்கரை வாழையும் இப்படித்தான் போச்சுங்க, உங்ககிட்ட சொன்னா பொண்ணு தர யோசிப்பீங்கன்னு நாங்களும் வாயைத் திறக்கல என்றாள். பொற்கொடி அழுதுகொண்டே சிரித்தாள். அழகம்மாள் அந்த ஈரச் சேலையோடு அடுத்த தெருவுக்குப் போய், அழுகின பயிரை வி.ஏ.ஓ. தம்பியின் பைக் சீட்டில் வைத்து, வந்து பாத்துட்டு எழுதுங்க தம்பி, இவங்களுக்குச் சொல்லிக்க வெட்கம் என்றாள். அவரும் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு திருத்தி எழுதினார்.

நிவாரணம் போன வாரம் என் பேங்க் கணக்கில் ஏறிவிட்டது. தை மாதம் கல்யாணம், இப்போதே லீவு சொல்லி வை, பொற்கொடிக்குப் பிடித்த அந்தத் தைலத்தை மறக்காதே. உன் சித்தப்பாவிடம் ரெண்டு நாள் பேசவில்லை, நம் வீட்டுக் கௌரவத்துக்காகச் சொன்னார் என்று விட்டுவிட்டேன். நீ நோய் நொடி இல்லாமல் வந்து உன் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும், அந்த ரங்கநாதர் துணை இருப்பார்.

இப்படிக்கு, உன் அம்மா காமாட்சி.

மண்ணச்சநல்லூர் முழுக்கப் பத்திரிகை வைக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. உன் காதுகுத்தில் பாயசத்துக்கு முந்திரி போதவில்லை என்ற அந்தப் பக்கத்து வயல்காரன் அம்மாவுக்குக்கூட வைக்கலாம். என் வீட்டுக் கேசரியைத் தின்றுகொண்டே என் வயலை மேடு என்றவனுக்கு மட்டும் நம் பந்தியில் இலை கிடையாது, அந்த இளவரசனுக்கு.