தூக்கமூஞ்சி பேருல போன விண்கலம்

என் தங்கத்துக்கு,

அம்மா எழுதுறேன். நானும் அப்பாவும் சுகமா இருக்கோம், நீயும் வேலைக்குப் போன ஊர்ல வேளைக்குச் சாப்பிட்டு, நல்லாத் தூங்கி, உடம்பைப் பாத்துக்குவேன்னு நம்புறேன். வாராவாரம் போன்ல பேசுறோமே, இப்ப எதுக்குக் கடிதம்னு கேப்பே. போன்ல நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீ சரிம்மா அப்புறம்மான்னு வச்சிடுறே. கடிதம்னா பாதியில மூடினாலும் மீதி அங்கயே கிடக்கும், அதான். அப்பாவுக்கு பம்ப் ஹவுஸ்ல பகல் ஷிப்ட் கிடைச்சிடுச்சு, அதனால சாயங்காலம் பூரா வீட்டுல என் உயிரை வாங்கிக்கிட்டு இருக்கார். சித்தி வந்து நாலு நாள் இருந்துட்டு, போற போக்குல நம்ம பீரோவை இடம் மாத்தி வச்சிட்டுப் போயிட்டா, இப்ப ஜன்னலைப் பாதிதான் திறக்க முடியுது. எங்க பட்டறையில புது பஸ்ஸுக்கெல்லாம் சீட் தச்சு முடியல, ரெக்சின் தச்சுத் தச்சு விரல்ல தோல் உரியுது, வேலை இருக்கறது நல்லதுதானே.

இப்ப விஷயத்துக்கு வரேன். சிரிக்காம படி. உன் ரூம்ல இருக்கற பழைய கம்ப்யூட்டர்ல ஒரு சீட் மாடல் தேடலாம்னு போட்டேன், போட்டதும் உன் கேம் தானாத் திறந்துக்கிச்சு. மூடத்தான் போனேன். ஆனா அதுல பெருசா ஒரு அறிவிப்பு, விண்கலம் வடிவமைக்கிற போட்டி, தூர கிரகத்துக்குப் போற பயணிகள் கப்பல், யார் வேணும்னாலும் கலந்துக்கலாம்னு. பயணிகள்னு படிச்சதும் என் கை மௌசை விடல. இத்தனை வருஷமா பயணிகள் உக்காருற இடத்தைத்தானே தச்சுக்கிட்டு இருக்கேன், சண்டை போடுற கப்பல்னா நான் எட்டிக்கூடப் பாத்திருக்க மாட்டேன். அவ்வளவு தூரம் போறவங்க எதுல உக்காருவாங்க, எப்படிப் படுப்பாங்க, பக்கத்துல இருக்கறவன் குறட்டை விட்டா எங்க போவாங்கன்னு யோசிக்க ஆரம்பிச்சேன், அதோட சரி, அடுப்புல வச்ச பால் பொங்கி வழிஞ்சது கூடத் தெரியல.

முதல்ல ஒண்ணும் புரியல. கட்டையை எடுத்துக் கட்டையில ஒட்டுற மாதிரி ஒவ்வொரு துண்டா இழுத்து இழுத்து ஒட்டணும். நான் பஸ் ஞாபகத்துல முன்னாடி ஒரு கதவு, பின்னாடி ஒரு கதவு வச்சேன். அப்பா பின்னாடி நின்னு பாத்துட்டு, கதவைத் திறந்தா காத்தெல்லாம் வெளியப் போயிடுமே, அடுத்த ஸ்டாப்புல யாரு ஏறப் போறான்னு கேட்டார். கேட்டவர் சும்மா போகலாம்ல, போகல. தண்ணி டேங்க் எங்கன்னு ஆரம்பிச்சிட்டார். டேங்க் மேலதான் இருக்கணும், அப்பதான் குழாய்ல தண்ணி இறங்கும்னு அடம். அங்க மேல எது கீழ எதுன்னே கிடையாதேன்னு நான் சொல்ல, அப்ப தண்ணி எப்படி வரும்னு அவர் கேட்டார். அந்த மனுஷன் அன்னைக்குச் சாப்பிடறப்போ டம்ளரைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பாத்துக்கிட்டே இருந்தார். எனக்கும் அதே கதிதான். எடையே இல்லாத இடத்துல எதுக்கு சீட், எதுக்கு அதுக்குள்ள ஃபோம்? உக்காருறதுன்னா என்ன? உனக்குத் தெரியுமா?

அங்க ஒரு பொது அரட்டை இருக்குல்ல, அதுல கேட்டுப் போட்டேன். இங்கதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிச்சு. உன் அக்கவுண்ட்ல இருந்து எழுதினா நீ அங்க வச்சுக்கிட்ட தூக்கமூஞ்சிங்கிற பேருதானே வரும், அது என் மண்டைக்கு எட்டவே இல்ல. சீட்டுக்குப் பதிலா முதல்ல வந்த பதில், அடியே தூக்கமூஞ்சி, உயிரோடதான் இருக்கியா, மாசக்கணக்கா ஆளையே காணோமேன்னு. அதுக்குக் கீழ இன்னொண்ணு, இன்னொண்ணு, எல்லாம் அதே கேள்வி. உங்க கூட்டத்துல விளையாட்டா அப்படிப் பேசிக்குவாங்கன்னு நெனச்சேன். அப்புறம் அங்க நங்கூரம்னு பேர் வச்சுக்கிட்ட ஒரு பொண்ணு, எங்கயோ ஆஸ்பத்திரியில நர்ஸாம், தனியா எழுதினா. நான் எத்தனை தடவை எழுதியும் பதில் போடாம போயிட்டியே, உனக்கு ஏதாவது ஆச்சான்னு நானும் எவ்வளவோ தேடினேன்னு.

அதை ரெண்டு மூணு தடவை திரும்பப் படிச்சேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீ என்ன சொன்னே? சாயங்காலம் ஆனா கேம் கூட்டாளிங்களோட ஒரே அரட்டை, எனக்குத் தனியா இருக்க நேரம் எங்கம்மா இருக்குன்னு. அதைக் கேட்டுட்டுத்தான் நான் நிம்மதியா வேலைக்குப் போனேன். பட்டறையில கேக்கறவங்ககிட்டயும் பெருமையாச் சொன்னேன். முழுப் பூசணிக்காயை இப்படிச் சோத்துல மறைக்கக் கத்துக்கிட்டியே, அந்தச் சாயங்காலமெல்லாம் நீ எங்க இருந்தே, யாரோட பேசினே? கோவமாத்தான் இருக்கு. கோவத்தை விடப் பயமா இருக்கு.

உடனே நான் அவ அம்மான்னு சொல்லியிருக்கணும். சொல்லல, கொஞ்ச நாள் நீயாவே இருந்தேன். அவங்க உன்னைப் பத்திச் சொல்றதைக் கேக்க ஆசை வந்துடுச்சு. உனக்கு இவ்வளவு வாய் இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலியே! வீட்டுல கேட்டதுக்குத்தான் பதில், அதுவும் ஒரு வார்த்தை. அங்க நீ ஒரு ஆளைக் கிண்டல் பண்ணி அவன் கப்பல் பேரையே மாத்த வச்சியாமே. புதுசா வந்தவங்களுக்கு உக்காந்து பொறுமையாச் சொல்லிக் கொடுப்பியாம். நங்கூரத்தோட அப்பா தவறினப்ப தினமும் அவளோட இருந்தியாம், விளையாடாம, சும்மா பேசிக்கிட்டு. இதையெல்லாம் வாசிச்சு எனக்கு அழுகையும் வந்துது, சிரிப்பும் வந்துது. கடைசியில உண்மையைச் சொன்னேன். ஒருத்தர் கூடக் கோவிச்சுக்கல. எங்களுக்கு அப்பவே சந்தேகம், தூக்கமூஞ்சி ஒரு சீட்டைப் பத்தி இவ்வளவு மரியாதையாக் கேக்க மாட்டாளேன்னு ஒருத்தன் எழுதினான்.

சீட்டுக்கும் பதில் சொன்னாங்க. கப்பல் கிளம்பறப்ப உடம்பை அழுத்துமாம், அதுக்குத்தான் சீட், அப்புறம் பெல்ட்டு போதுமாம். தண்ணியைப் பம்ப் வச்சுத் தள்ளணுமாம், இதைக் கேட்டதுல இருந்து அப்பாவைக் கையில பிடிக்க முடியல, அங்கயும் பம்ப் ஆபரேட்டர் இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு தெருவெல்லாம் சொல்லிட்டார். நான் சீட்டையெல்லாம் பஸ் மாதிரி வரிசையா வைக்காம எதிரும் புதிருமா வச்சேன். வெளிய இருட்டைத் தவிர பாக்க ஒண்ணும் இல்ல, மூஞ்சிக்கு மூஞ்சி பாத்தாத்தான் பேச்சு வரும். கதவு இன்னும் கொஞ்சம் கோணலாத்தான் இருக்கு, சமையல் இடம் வைக்கவே மறந்துட்டேன்னு அனுப்பினப்புறம்தான் தெரிஞ்சுது. இருந்தாலும் ஓட்டுப் போட்டு அது கடைசிச் சுத்துக்கு வந்துடுச்சு.

இப்ப சிக்கல் என்னன்னா, கடைசிச் சுத்துல கப்பலை அனுப்பினவங்க கேமுக்குள்ள வந்து, தன் குரல்ல பேசி, நடுவருங்களுக்குச் சுத்திக் காட்டணும். அக்கவுண்ட் யாரோடதோ அவங்கதான் பேசணும், அம்மா பேசினா செல்லாதுன்னு அவங்க விதி. வர சனிக்கிழமை சாயங்காலம். நீ வரலேன்னா கப்பலைப் போட்டியில இருந்து எடுத்துடுவாங்க. எனக்கு ஜெயிக்கணும்னு ஆசை இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன், ரொம்பவே இருக்கு, அப்பா இப்பவே பக்கத்துக் கடைக்காரர்கிட்ட ஜெயிச்ச மாதிரி பேசுறார். ஆனா உன்னைக் கட்டாயப்படுத்தி வர வைக்கறதுக்கு இது ஒரு சாக்குன்னு மட்டும் நெனச்சுக்காதே. அந்தக் கேமுக்குப் போக உனக்கு மனசு இல்லேன்னா ஏதோ இருக்கு. வேலை போச்சா, யாராவது மனசை நோகடிச்சாங்களா, இல்ல சும்மாவே ஒண்ணும் பிடிக்காம இருக்கா, எதுவா இருந்தாலும் சரி. அதைக் கேட்டு நான் ஒடிஞ்சு போயிட மாட்டேன். நீ நல்லா இருக்கறதா நடிக்கறதைத்தான் என்னால தாங்க முடியல. நங்கூரம்கிட்ட உன் நம்பரைக் கொடுக்கவான்னு கேட்டா, உன்னைக் கேக்காம கொடுக்க மாட்டேன்னுட்டேன். நல்ல பொண்ணு, புரிஞ்சுக்கிட்டா.

நீ தீர்க்காயுசா, ஒரு குறையும் இல்லாம, நாலு பேரோட சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கணும், அதுதான் எனக்கும் அப்பாவுக்கும் உள்ள ஒரே வேண்டுதல். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ, சனிக்கிழமை உன்னால அங்க வந்து பேச முடிஞ்சா பேசு. முடியலேன்னா கப்பல் போனாப் போகட்டும், அதே நேரத்துக்கு எனக்குப் போன் பண்ணு. நான் எடுத்ததும் நல்லா இருக்கேம்மான்னு மட்டும் ஆரம்பிக்காதே. ஒண்ணும் பேசத் தோணலேன்னா பேசாமலே இரு, நான் வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெத்தவ