நாற்பது பேர் கையெழுத்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் தகராறு செய்கிறது. நீயும் நலமாக, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறோம். கேட்டால் எப்படியும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்லப்போகிறாய். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்றால், இந்த விஷயத்தைப் போனில் ஆரம்பித்தால் அம்மா நடுவில் புகுந்து எனக்கு வக்காலத்து வாங்குவாள். இதற்கு வக்காலத்து வேண்டாம்.

முன்பு ஒருமுறை போனில் எங்கள் கணினித் துறைக்குப் பல்கலைக்கழகத்தின் சிறந்த ஆராய்ச்சிப் பரிசு கிடைத்ததைத் தம்பட்டம் அடித்திருந்தேன் அல்லவா, கையால் எழுதிய படிவங்களைத் தானாகவே படிக்கும் ப்ரோக்ராம், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சொல் சரி என்று. எறும்பு என்று நாங்கள் கூப்பிடும் ஆராய்ச்சி மாணவியின் நாலு வருட உழைப்பு அது. அந்தப் பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். காரணம் உன் அப்பன்தான்.

ப்ரோக்ராமைப் பழக்கவும் பிறகு சோதிக்கவும் நானூறு பேர் ஆளுக்கு ஒரு படிவம் எழுதித் தர வேண்டும். சேகரிப்பது லேப் பொறுப்பாளரான என் வேலை. முந்நூற்று அறுபது பேர் வரை ஓடிப் பிடித்துக் கெஞ்சி வாங்கிவிட்டேன். அதற்குள் கெடு வந்துவிட்டது. எறும்பு கவலைப்படுவாளே என்று மீதி நாற்பதையும் நானே எழுதினேன். சிலதை இடது கையால், சிலதைச் சிவப்பு மையில், ஒன்றை ஓடும் பேருந்தில் உட்கார்ந்து. டாக்டர் மாதிரி ஒன்று, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒன்று. முடித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பள்ளி நாடகத்தில் எனக்கு யாரும் வேடம் தராத குறை தீர்ந்த மாதிரி. அந்தத் தாள்களில் பாதி பழக்குவதற்குப் போனது, பாதி சோதனைக்குப் போனது, இரண்டிலும் ஒரே கை. பரீட்சைக்கு முன்பே கேள்வித்தாளைக் கையில் கொடுத்த கதைதான், மதிப்பெண் ஏறாமல் என்ன செய்யும். சத்தியமாக அது அன்று எனக்குப் புரியவில்லை.

பரிசு வந்தபிறகு எறும்பு இன்னொரு ப்ரோக்ராம் எழுதினாள். எந்தத் தாளை யார் எழுதியது என்று கையெழுத்தைப் பார்த்துக் கட்டுக் கட்டாகப் பிரிப்பது. நானூறு கட்டு வர வேண்டிய இடத்தில் முந்நூற்று அறுபத்தொன்றுதான் வந்தது, கடைசிக் கட்டில் மட்டும் நாற்பது தாள். எந்த வேஷம் போட்டாலும் ழகரத்தின் வாலைச் சுழித்து மேலே தூக்கிவிடும் என் பழக்கத்தை அது பிடித்துவிட்டது. அவளோ தன் ப்ரோக்ராமில்தான் கோளாறு என்று இரண்டு வாரம் வரிவரியாகத் தேடினாள். எனக்கு விஷயம் உறைத்துவிட்டது, ஆனாலும் பக்கத்து மேசையில் கேபிள்களைச் சுருட்டிக்கொண்டு கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தேன். இதை உனக்கு எழுதத்தான் கை கூசுகிறது. பதினைந்தாம் நாள் அவள், நான் இதுக்கு லாயக்கே இல்ல சார், விட்டுட்டுப் போயிடலாம்னு இருக்கு என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அந்த நாப்பதும் நான் எழுதுனதும்மா என்று சொல்லிவிட்டேன். அப்போ என் ப்ரோக்ராம்ல தப்பே இல்லையா சார் என்று கேட்டுவிட்டு அழுதாள், நிம்மதியில். கோபம் மறுநாள்தான் வந்தது. மூன்று நாள் என் முகத்தையே பார்க்கவில்லை, அது நியாயம்தான்.

துறைத்தலைவர் அம்மையார், நல்லது பண்றேன்னு அடிமடியிலயே கை வச்சுட்டீங்களே என்றார். யாருக்குத் தெரியப்போகிறது, விட்டுவிடலாம் என்று ஒரு பேராசிரியர் சொல்லிப் பார்த்தார். எறும்புதான், எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் போய் தொண்ணூத்தெட்டுன்னு சொல்றது என்று மறுத்துவிட்டாள். பரிசு திரும்பிப் போயிற்று, கட்டுரை வந்த இதழுக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். மூன்று வாரத்தில் நாற்பது நிஜ ஆட்கள் எழுதித் தந்தால் உண்டு, இல்லையென்றால் அவள் பட்டம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும், அவளுக்காகக் காத்திருக்கும் வேலையும் கைநழுவும். அலைந்தேன் பார், இந்த வயதில். பல் டாக்டர் நோயாளியை வாயைத் திறந்தபடி உட்கார வைத்துவிட்டு எழுதித் தந்தார். பேருந்து ஓட்டுநர் சிக்னலுக்கு இரண்டு வரியாக முடித்தார். கடைசி நாள் ஒரே ஒரு ஆள் குறைந்தது. பழைய புத்தி ஒரு நிமிடம் எட்டிப் பார்த்தது, மறைக்க மாட்டேன். அப்புறம் அம்மாவிடம் கேட்டேன். என் கோழிக் கிறுக்கல படிச்சவங்க முன்னாடி கொண்டுபோய் வைக்கணுமா என்று சலித்துக்கொண்டே அடுப்பை அணைத்துவிட்டு எழுதினாள். படிவத்தில் அச்சிட்ட பத்தியைப் பார்த்து எழுதியபிறகு சொந்தமாக இரண்டு வரி எழுத வேண்டும். அதை எழுதி நாலாக மடித்து, நீங்க படிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்தாள்.

இப்போது தொண்ணூற்று மூன்றுதான். கொறஞ்சாலும் இது நம்மளோடது சார் என்றாள் எறும்பு. கட்டுகள் சரியாக நானூறு. துறையின் ஆண்டறிக்கையில் கையெழுத்துப் பிரிக்கும் அவள் ப்ரோக்ராம்தான் சாதனைகளில் முதல் வரி. போன செவ்வாய் வாய்மொழித் தேர்வும் முடிந்தது, எறும்பு டாக்டர் ஆகிவிட்டாள். அன்று தேர்வாளர் சோதனைத் தாள்களிலிருந்து ஏதோ ஒன்றை உருவிக் கொடுத்து, இதைப் படிக்கட்டும் என்றார். அது அம்மாவின் தாள். நான் கடைசி வரிசையில் நின்றிருந்தேன். ஒரு சொல் விடாமல் படித்துத் திரையில் போட்டது. நான் வாக்கு மீறவில்லை, மெஷின்தான் படித்தது. அம்மா எழுதியிருந்தது இதுதான்: என் பெண் வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அவள் வேலை கெட்டுவிடும் என்று நான் வா என்று கேட்பதில்லை.

எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும், உடம்பு நன்றாக இருக்கட்டும். கண் டாக்டரைப் பார்க்க மறக்காதே. எப்போது வருகிறாய் என்பதை நீயாகவே போனில் அம்மாவிடம் சொல். நான் எழுதியதாக மட்டும் காட்டிக்கொள்ளாதே.

ஆசிகளுடன்,
உன் அப்பா