கச்சிதமான வீடும் இறுகாத மண்ணும்

அன்புள்ள அப்பாவுக்கு,

பாண்டீஸ்வரன் எழுதுகிறேன். முட்டிவலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள், பக்கத்தில் நிற்கும் இருளாண்டி மாமாவுக்கும் கேட்கிறது. அதனால்தான் எழுதி, ஊருக்கு வரும் நரிக்குடி ஸ்டீபனிடம் கொடுத்து விடுகிறேன்.

நம் வீட்டைக் கட்டுகிற மாமா மேலேதான் எனக்குச் சந்தேகம். எதைக் கேட்டாலும், "வீடு கச்சிதமா வந்திருக்கு மாப்ள, மஸ்கட்ல இருந்துக்கிட்டு ஏன்யா கொடையுற?" என்கிறார்.

இங்கே மண்ணைச் சோதித்து 'காம்பாக்ட்' என்று எழுதுவதுதான் என் வேலை. கச்சிதத்துக்கு இங்கிலீஷில் அதுதானே என்று அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் அதற்குச் 'சேர்த்து இறுக்கியது' என்றுதான் பொருளாம். சின்னது என்ற பொருள் பிறகு வந்து ஒட்டியது. நம் கச்சிதமும் 'பதித்தது' என்ற வடசொல்லிலிருந்து வந்ததாம். மாமா சின்னதாகக் கட்டிவிட்டார், சரி. இறுக்கினாரா?

போன வாரம் இங்கேயும் இறுக்கியாச்சு என்றார்கள். கால் வைத்தேன், முழங்கால்வரை இறங்கியது. பூட்ஸ் மட்டும்தான் போச்சு, அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

அஸ்திவாரத்துக்குள் நிரப்பிய மண்ணில் மேலே செம்மண் தெரிந்தால் நம்பாதீர்கள். கடப்பாறையால் குத்திப் பாருங்கள். அடியில் தோண்டிய கரிசலையே கொட்டியிருந்தால், மழைக்கு ஊதி, வெயிலுக்கு வெடித்து, தரை பிளந்துவிடும். தரைக்குத் தளம் போடுமுன் குடம் குடமாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் மண் இறங்கியிருந்தால் வேலையை நிறுத்துங்கள். மாமா கோபித்தால் என்னைச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. முந்தின நாளே தண்ணீர் விட்டு, அன்றைக்கு வீடியோவில் கூப்பிடுங்கள். மண்ணைக் காட்டியதும் வைத்துவிடாதீர்கள்.

வேன் வந்துவிட்டது.

உங்கள் மகன்,
பாண்டி