சலூன்காரரின் போர்ச்சுகீசியம்

ஒல்யாவ், போர்ச்சுகல்
3 மார்ச் 1999

சிலேனே,

நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. அப்பாவைப் பற்றி நான் எடுத்த படத்தை உன் ரெசிஃபே தியேட்டரில் போட, அவர் குரலை எடுத்துவிட்டுப் பிரேசில் நடிகர் ஒருவரைப் பேச வைப்பாயாம்! செத்துப்போன மனிதரிடம் மிச்சம் இருப்பதே அந்தக் குரல்தானடி. உங்களைப் போல அவரும் போர்ச்சுகீசியம்தானே பேசுகிறார்? உங்கள் டிவி தொடர்களைப் பார்த்தே வளர்ந்தோம். ஒரு நாளாவது குரலை மாற்றினோமா?

படத்தில் அவர் உன்னைத் தேடுகிற இடத்தையும் பார்த்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை நீ. கல்நெஞ்சுக்காரி.

ஃபிலிப்பா

ரெசிஃபே, பிரேசில்
17 மார்ச்

என் கோபக்கார ஃபிலிப்பாவுக்கு,

குரலை மாற்றாமலே போட்டுப் பார்த்தேன், போதுமா? கொஞ்ச நேரத்திலேயே பின்வரிசையிலிருந்து ஒருவன், "யக்கா, இது என்ன ரஷ்யப் படமா?" என்று கத்தினான். தியேட்டரே சிரித்தது. நீங்கள் பாதிச் சொல்லை விழுங்கிவிட்டுப் பேசினால் நாங்கள் என்ன செய்வது? சரி, குரல் இருக்கட்டும். அவர் பேசுவதைத் திரையின் அடியில் எழுத்தாகவாவது போட விடு, தாயே.

என்னைத் தேடுகிறாரா? எந்த இடத்தில்?

சிலேனே

ஒல்யாவ்
30 மார்ச்

சிலேனே,

எந்த இடமா? நடிக்காதே. படிக்க வந்த காலத்தில் ஒரு கோடை முழுக்க எங்கள் வீட்டில் தங்கி, அப்பாவின் சலூனில் உட்கார்ந்து அவரோடு மணிக்கணக்கில் அரட்டை அடித்தவள் நீ. இப்போது அவர் பேச்சு புரியவில்லையாம்! ஒரு எழுத்தும் போடாதே. படத்தைத் திருப்பி அனுப்பு, நம் சிநேகிதமும் இத்தோடு போதும்.

ஃபிலிப்பா

ரெசிஃபே
14 ஏப்ரல்

ஃபிலிப்பா,

அரட்டை அடித்தது அவர். நான் தலையாட்டினேன். ஒரே மொழி பேசுகிறவரிடம் மூச்சுக்கு மூச்சு "என்ன சொன்னீங்க?" என்று கேட்க வெட்கமாக இருந்ததடி. அவர் சிரித்தால் நானும் சிரிப்பேன், அவ்வளவுதான்.

உன் கடிதம் வந்ததும், எங்கள் தெருவில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் போர்ச்சுகல்காரரை இழுத்து வந்து திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன். ஊரே கடையைப் பூட்டிவிட்டு விடுமுறைக்குப் போகும் ஆகஸ்டில், உன் அப்பா மட்டும் சலூனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அந்தக் காட்சி வந்தது. அவர் பேசுவதை ரொட்டிக்கடைக்காரர் அப்படியே எனக்குச் சொன்னார்.

"பஸ் ஏத்திவிடும்போது கேட்டேன், அடுத்த ஆகஸ்டுக்கு வருவியாம்மான்னு. அந்தப் பிரேசில் பொண்ணு நல்லாத் தலையாட்டுச்சு. வந்து, பூட்டின கதவைப் பாத்துட்டுத் திரும்பிடக் கூடாதில்ல?"

பத்திரமாகப் போய் வா என்கிறார் என்றல்லவா நினைத்தேன். பாவி நான்.

படத்தை அனுப்பிவிட்டேன். ஒரு எழுத்தும் போடவில்லை. ஆகஸ்டில் வருகிறேன். கடை பூட்டித்தான் இருக்கும், தெரியும்.

சிலேனே